விஜயாக்கா கால் வைக்காத திரை

விஜயாக்காவின் இடது கால் தறிக்குழிக்குள் அந்தரத்தில் நின்றது. அதற்கு ஒரு சாண் கீழே, குழியின் தரையில் போட்ட பலகைமேல், நாங்கள் வைத்த பழைய போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கால் இறங்கவில்லை. மேலேயும் போகவில்லை.

"வைங்கக்கா. கட்டை விரலால லேசாத் தொட்டாப் போதும்" என்றான் தினகரன். குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்தத் தொடச் சொல்ற?"

"போனைத்தான்கா."

"போன்ல யாரு இருக்காங்கன்னு பாத்தியா நீ?"

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். குழிக்குள் இருந்த அரை இருட்டில் அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. உச்சியில் பிள்ளையார் சுழி. பவித்ரா இரண்டு நாள் உட்கார்ந்து செய்த முகப்புத் திரை அது.

அக்கா காலை மெதுவாக மடக்கிக்கொண்டார். குனிந்து கையால் போனை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பவித்ராவிடம் நீட்டினார்.

"தறிக்காரன் வூட்டுப் பொண்ணுன்னு வெளில சொல்லிக்காத" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பவித்ராவின் முகம் அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி இல்லை. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

தம்பிக்கா சேர்க்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் எதையும் முடித்தவன் இல்லை என்பது தெரியும். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். லாரியில் கிளீனராகப் போய் நாசிக்கில் இறங்கிக்கொண்டேன். கோழிக்கோட்டில் டைல்ஸ் ஒட்டக் கற்றுக்கொண்டு, கற்றுக்கொண்ட மாதமே கிளம்பினேன். எந்த இடத்திலும் யாரும் துரத்தவில்லை. ஒரு வேலை கைக்குப் பழகியதும் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது, டிப்ளமா இருந்தால் உள்ளே மிஷினில் போடுவார்கள் என்று மேஸ்திரி சொன்னார். அன்றைக்கு இடுப்பு வலி கொஞ்சம் அதிகம். படிப்பில் சேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

பாலிடெக்னிக் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய கிளார்க், "தம்பிக்கா சேர்க்கறீங்க?" என்றார்.

"எனக்குத்தான்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை முழுசாக ஒருமுறை பார்த்தார்.

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"சரி, உக்காருங்க" என்றார். மற்ற பையன்களுக்கு அந்த 'ங்க' கிடைக்காது. மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த சலுகை அது ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டிபன் கடையின் பின்கட்டில் தங்கினேன். விடியற்காலையில் இட்லித் தட்டு ஏற்றி இறக்கிவிட்டு வகுப்புக்குப் போவேன். முதல் பீரியடில் தூங்கிவிடுவேன். எத்தனை முறை துவைத்தாலும் புளித்த மாவு வாசனை சட்டையை விட்டுப் போகாது. முதலில் மூக்கைத் திருப்பிக்கொண்ட பையன்கள், பிறகு பசித்தால் என் பக்கத்தில் வந்து மூச்சு இழுத்துவிட்டுப் போனார்கள். மதியம் பெரும்பாலும் சாப்பிடமாட்டேன். அது பழகிய ஒன்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மிச்சமிருந்தவர்கள்

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். மூன்று மூன்று பேராகச் சேரச் சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்ட பிறகு மிச்சமிருந்தவர்கள் நாங்கள் மூவர்.

என்னை வயதுக்காக விட்டிருந்தார்கள். தினகரனை வாய்க்காக. அவன் தென்னேரிக்காரன், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். வாலாஜாபாத்தில் பஸ் மாறி வருவான். யார் எதைச் சொன்னாலும் அதற்கு மேலே ஒன்று சொல்லாமல் இருக்கமாட்டான். பவித்ரா பிள்ளையார்பாளையம், பட்டு நெசவுக் குடும்பம். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவளோடு சேர்ந்தால் உட்காரவிடாமல் வேலை வாங்குவாள் என்று மற்றப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

எனக்குப் பாஸ் போதும். தினகரனுக்கும் அப்படித்தான். பவித்ராவுக்கு மட்டும் மார்க் வேண்டும். டிப்ளமா முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருட இன்ஜினியரிங்கில் சேரலாம். சென்னையில் ஓர் அரசு கல்லூரியைக் குறிவைத்திருந்தாள். அது கிடைத்தால் அனுப்புகிறேன், இல்லையென்றால் காந்தி ரோட்டில் ஏதாவது பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் உட்கார் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. முடிவாகச் சொல்லியிருந்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு கூட்டல் போட்டு வைத்திருந்தாள். எல்லாப் பாடமும் சேர்த்து, ப்ராஜெக்டில் தொண்ணூறுக்கு மேல் வந்தால்தான் அந்தக் கூட்டல் நிற்கும்.

எங்களை வழிநடத்த ஒரு மேடத்தைப் போட்டிருந்தார்கள். "ஆட்டெண்டன்ஸ் ஆப், லைப்ரரி ஆப்னு எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்" என்று முதல் நாளே சொன்னார். "புதுசா ஒரு யூசர் இன்டர்பேஸ் வேணும். மனுஷன் மிஷின்கிட்ட பேசறதுக்குப் புது வழி. யோசிங்க."

கட்டை விரல்

விஜயாக்கா பவித்ராவுக்குச் சித்தி. தனியாக நெய்கிறவர். அவர் தறியில் ஓடுவது நிறம் நிறமாகப் பூ விழும் சேலைகள். பூவின் வடிவத்தை மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்தப் பூவுக்குள் எந்த வரிசையில் எந்த நிறம் என்பதை நெய்கிறவர்தான் பார்த்து மாற்ற வேண்டும். அதற்கு ஒரு தாள் உண்டு. கட்டம் கட்டமாக, வரிசைக்கு வரிசை.

முன்பெல்லாம் அக்காவின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைப் படிப்பார். அவர் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு தாள் மட்டும் சுவரில் இருந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எட்டிப் பார்த்து, வரிசையை விட்டு, மறுபடி தேடி. ப்ராஜெக்டுக்கு யோசனை தேடி நாங்கள் அவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வரிசை தள்ளிப் பார்த்துவிட்டார். இலையில் விழவேண்டிய பச்சை இதழில் விழுந்தது. கவனித்தபோது ஒரு சாண் ஓடியிருந்தது. அதைப் பிரித்தெடுக்க ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

"கை ரெண்டும் மாட்டிக்கினு இருக்குது. இன்னா செய்யச் சொல்ற? நாக்காலயா திருப்புவேன்?" என்றார் அக்கா.

"கால் சும்மாத்தானே இருக்குது?" என்றான் தினகரன்.

உண்மைதான். வலது கால் மிதிக்கட்டையில் வேலை செய்யும். இடது கால் பெரும்பாலும் குழித்தரையில் ஓய்வாக இருக்கும்.

"நான் நாத்து வுட்டுக்கினு இருக்கறப்ப போன் வந்தா வரப்புலயே வெச்சி கட்டை விரலால எடுப்பேன். கை ரெண்டுலயும் நாத்து. தண்ணில அலசின விரல் பட்டா எடுத்துக்கும்" என்றான்.

மேடம் சொன்ன புது வழி எங்களுக்கு இப்படிக் கிடைத்தது. கண்ணுக்கு நேரே தறியில் ஒரு போன். அதில் அந்த வரிசையின் நிறங்கள் மட்டும் பெரிதாகத் தெரியும். குழிக்குள் இன்னொரு பழைய போன். கட்டை விரல் பட்டால் அடுத்த வரிசை. இரண்டும் புளூடூத்தில் சேர்ந்திருக்கும். தறியில் யாரும் செருப்போடு உட்காரமாட்டார்கள் என்பதால் வெறுங்கால் எப்போதும் தயார்.

பவித்ரா எழுதினாள். தினகரன் சோதித்தான். நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்தேன். மூன்று வாரம் கல்லூரி லேபில் வைத்து எல்லாம் சரியாக ஓடியது. மேசைமேல் வைத்துக் கைவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். இது காலுக்கான திரை என்று ரிப்போர்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் எழுதினேன். ஒரு நாளாவது அதைத் தரையில் வைத்துப் பார்க்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

பவித்ரா வீட்டில் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தறியில் பாவு நூல் ஏற்றமாட்டார்கள். அதனால் முகப்பில் அம்மனை வைத்தாள். தினகரனுக்குக் கால்விரல் பழக்கம். அதனால் காலைச் சொன்னான். தனித்தனியாக இரண்டு பேரும் செய்தது சரி. இரண்டும் சேருகிற இடம் விஜயாக்காவின் தறிக்குழி என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் போனது.

எழுத்து

அடுத்த வாரம் அம்மனை எடுத்துவிட்டுப் போனோம். விளக்கும் சுழியும் போயின. இளநீலப் பின்னணி, நடுவில் ஒரு பெரிய பட்டன், அதில் 'அடுத்து' என்று எழுத்து. கீழே சின்னதாக 'முந்தைய வரிசை'.

அக்கா குழிக்குள் காலை இறக்கினார். கால் மறுபடியும் அதே உயரத்தில் நின்றது.

"இப்ப இன்னாக்கா?" என்றான் தினகரன்.

"எழுதியிருக்குதே."

"ஆமா. அடுத்துன்னு."

"எழுத்துப்பா அது. காகிதத்துல தெரியாம கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கறோம். இங்க வரிசைக்கு ஒருவாட்டி மிதிக்கச் சொல்ற. நான் வரிசைக்கு ஒருவாட்டி ஒத்திக்கினு இருந்தா எப்ப நெய்யறது?"

"சித்தி, இது போன். காகிதம் இல்ல" என்றாள் பவித்ரா.

"அப்ப உன் புஸ்தகத்த மிதி பாக்கலாம்."

பவித்ரா தன் புத்தகப் பையைக் காலடியிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

அக்கா பிடிவாதக்காரர் இல்லை. அன்றைக்கு அவர் உண்மையில் முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஒருமுறை வைத்தார். மேலே நிறம் மாறியது, அந்த நிற நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே போட்டார். இரண்டாவது முறை வைத்தார். மூன்றாவது முறை கால் தானாக நின்றுவிட்டது. "மனசு ஒரு பக்கம் இழுக்குது, கை ஒரு பக்கம் இழுக்குது. வேலை ஓடாதும்மா" என்றார்.

எழுத்துக்குப் பதில் அம்புப் படம் போட்டோம். அதற்குச் சம்மதித்தார். அரைமணி நேரம் நன்றாக ஓடியது. திடீரென்று போனில் ரீசார்ஜ் செய்யச் சொல்லி ஒரு செய்தி வந்து திரை முழுக்க எழுத்தாக நின்றது. அக்கா சூடுபட்டது போல் காலை இழுத்துக்கொண்டார். முழங்கால் தறிக்கட்டையில் இடித்து அன்று முழுக்க நொண்டினார். யாரையும் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

தேய்ந்த பட்டன்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பரோட்டா கடையில் கொஞ்ச காலம் பில் போட்டேன். அதைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும்; மறந்துவிட்டேன். அந்த பில் மிஷினில் ஒரு பட்டனில்கூட எழுத்து இருக்காது. எண்ணெய்க் கையால் அமுக்கி அமுக்கி எல்லாம் வழுக்கையாகிவிட்டன. நான் சேர்ந்த முதல் நாள் முதலாளி என் கையைப் பிடித்து, இது பரோட்டா, இது முட்டை, இது சால்னா தனி என்று வைத்துக் காட்டினார். இரண்டாம் நாளிலிருந்து நான் மிஷினைப் பார்க்கவே இல்லை. ஆளைப் பார்த்துக்கொண்டே பில் போட்டேன். அந்தக் கடையை நான் விட்டது வேறு விஷயம்.

அதைத்தான் பவித்ராவிடம் சொன்னேன். "எதுக்கும்மா அதுல ஏதாவது தெரியணும்? கால் பாக்கப் போறதா? மொத்தமா கறுப்பாக்கிடு. எங்க தொட்டாலும் அடுத்த வரிசை. அழுத்திப் பிடிச்சா ஒரு வரிசை பின்னால. அவ்வளவுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் மூணு வாரமா செஞ்சது?"

"அது இருக்கட்டும். இது சித்திக்கு."

ஒரே மாலையில் செய்துவிட்டாள். சிம் கார்டை எடுத்தோம். செய்தி எதுவும் வராதபடி எல்லாவற்றையும் அடைத்தோம். மேலே தடித்த கண்ணாடி ஒன்று ஒட்டினான் தினகரன். குழிக்குள் வைத்தபோது அது போன் மாதிரியே இல்லை. கறுப்புச் சில்லு.

அக்கா விரலை வைத்தார். நிறம் மாறியது. மறுபடி வைத்தார். பிறகு எங்களை மறந்துவிட்டார். நாங்கள் மூவரும் சுவரோரம் உட்கார்ந்து தறிச்சட்டம் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பூ முடிந்ததும் திரும்பினார்.

"பரவால்ல. உங்க சித்தப்பா மாதிரி நடுவுல கொட்டாவி வுடல" என்றார்.

ஒரு வாரம் வைத்துக்கொண்டு நெய்தார். ஒரு வரிசைகூடத் தப்பவில்லை.

பதினாறு திரைகள்

மேடத்திடம் காட்டினோம். கறுப்புப் போனைக் கையில் வாங்கி, அணைந்திருக்கிறதென்று நினைத்துப் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினார்.

"இதுதான் மேடம் ஸ்க்ரீன்" என்றாள் பவித்ரா.

"எது?"

"இதேதான்."

மேடம் கெட்டவர் இல்லை. அந்த வருடம் பதினொரு குழு அவர் தலையில் இருந்தது. "ஏம்மா, ப்ராஜெக்ட் பேரே யூசர் இன்டர்பேஸ் டிசைன். ஒண்ணுமில்லாத ஸ்க்ரீனைப் போய் எக்ஸ்டர்னல்கிட்ட காட்டினா எதுக்கு மார்க் போடுவாரு? பழசு நல்லாத்தானே இருந்தது. அதையே கலர் பண்ணி ரிப்போர்ட்ல போடுங்க. தறிக்கு எது வேணுமோ அதைத் தறியில வெச்சுக்குங்க."

பவித்ரா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடினாள். "சரி மேடம்" என்றாள்.

பதினாறு திரைகள் வரைந்தாள். உள்நுழையும் திரை, நிறம் தேர்வு, உதவி, அமைப்புகள். ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. சோதனை பற்றிய பகுதியை நான் எழுதினேன். போன வருடத்துப் பையன் யாரோ எழுதிய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினேன்: இது நெசவாளரிடம் சோதிக்கப்பட்டது, அவர் நிறைவாக இருப்பதாகத் தெரிவித்தார். பதினாறு திரைக்குக் கீழே அந்த வரி வந்தது. பொய்யென்று தெரியும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். எப்படியாவது முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது.

சாக்ஸ்

தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையிலிருந்து எட்டுக் குழுவைப் பார்த்து முடித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கை நீவிவிட்டுக்கொண்டு எங்கள் ரிப்போர்ட்டைத் திறந்தார். லேபுக்குள் செருப்பு, ஷூ கூடாது என்பதால் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

பவித்ரா பேசினாள். நன்றாகப் பேசினாள். மேசைமேல் வண்ணத் திரை போனை வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள். மேடம் ஓரமாக நின்று தலையாட்டினார். தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இந்தப் பட்டனை அவங்க காலால தொடுவாங்களா?"

"ஆமா சார். அதான் சார் இதுல புதுசு, நாவல்டி."

"எழுத்து மேல காலை வெச்சு?"

பவித்ரா ஒரு நொடி தயங்கினாள். "பழகிட்டாங்க சார்."

"எங்கம்மா இருந்தா முதுகுலயே ஒண்ணு போட்டிருப்பாங்க" என்றார் அவர் தனக்குள் சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தார். மூவரில் வயதானவன் நான். "நீங்க சொல்லுங்க. பழகிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்து, மூன்று எழுத்துச் சமாச்சாரம். எத்தனையோ முதலாளிகளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஏன் அன்றைக்கு வரவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். களைப்பு ஒரு காரணம். அன்றும் நாலரை மணிக்கு எழுந்தவன். இன்னொரு காரணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எந்த வேலையும் முடியப்போகிற நேரத்தில் அதைத் தட்டிவிட்டு எழுந்து போகிறவன் நான். நேர்மை என்று மற்றவர்கள் பெயர் வைக்கலாம். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

"இல்ல சார். அவங்க இதுல காலே வைக்கல" என்றேன்.

மேடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எதுல வெச்சாங்க?"

மேடத்திடம் காட்டியதிலிருந்து என் பையிலேயே கிடந்த கறுப்புப் போனை எடுத்துத் தரையில் வைத்தேன். தினகரன் மேலே வைக்கவேண்டிய போனைப் பிடித்துக்கொண்டான். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காலை நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தார்.

"செத்துப் போச்சா?"

"சாக்ஸ் சார். வெறுங்கால் படணும்" என்றான் தினகரன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து சாக்ஸைக் கழற்றினார். கட்டை விரலைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. மருந்து வாசனை வந்தது. சர்க்கரைப் புண் என்று எங்களுக்குப் புரிந்தது. அந்த விரலை ஒதுக்கிவைத்து, அடுத்த விரலைக் கறுப்புமேல் வைத்தார்.

நிறம் மாறியது. பச்சை. மறுபடி. மாம்பழ மஞ்சள். மறுபடி. அவர் கீழே பார்க்கவே இல்லை. இருபது முப்பது தடவை தட்டியிருப்பார். அழுத்திப் பிடித்துப் பின்னால் போனார். மறுபடி முன்னால். காலை எடுக்க மனமில்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்குது" என்றார் கடைசியில். "இது ரிப்போர்ட்ல எங்க இருக்குது?"

அவரே ரிப்போர்ட்டை எடுத்து இன்னொருமுறை புரட்டினார்.

"இல்ல. ரிப்போர்ட்ல இருக்கறது ஓடல. ஓடறது ரிப்போர்ட்ல இல்ல. நான் எதுக்கு மார்க் போடறது?"

"சார், ஒரு நாள் டைம் குடுத்தீங்கன்னா மாத்திப் பிரிண்ட் போட்டு..." என்றாள் பவித்ரா.

"நாளைக்கு நான் வேற காலேஜ்லம்மா. இன்னிக்கே சீல் வெச்சுக் குடுக்கணும்." அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ரிப்போர்ட்டை என் பக்கம் நகர்த்தினார். "அந்த வரிய அடிங்க. உண்மை என்னவோ அதைக் கையால எழுதுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. பாஸ் போட்டுடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அடித்தேன். எழுதினேன். நெசவாளர் இதை ஏற்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு இரண்டு முறை ஸ்பெல்லிங் சந்தேகம் வந்தது. பவித்ராதான் சொல்லித் தந்தாள்.

செருப்பு ஸ்டாண்டு

வெளியே வந்தோம். வாசலில் நூறு ஜோடிச் செருப்பு கிடந்தது. பவித்ரா குனிந்து வாரை மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. தினகரன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனாண்ணா, தெரியல" என்றாள் பவித்ரா, வாரைப் பார்த்தபடி. "ஆனா நீ என்னைக் கேட்டுட்டுச் சொல்லல."

"பொய்ய எழுதினது நான்தாம்மா."

"நான் கையெழுத்துப் போட்டேனே. அது இல்ல." நிமிர்ந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது. "நீ முடிச்சிட்டண்ணா. உனக்கு இது முடிவு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சொல்ல ஏதாவது இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் நினைவுக்கு வந்திருக்கும்.

கையை நீட்டினாள். "அந்த போனைக் குடு. சித்திகிட்ட நான் குடுத்துக்கறேன். நீ வர வேணாம்."

கொடுத்தேன். துப்பட்டாவால் அதன் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

டிப்ளமா வந்தது. வாழ்க்கையில் நான் முடித்த முதல் காரியம். அதைக் காட்டியதும் கம்பெனியில் மிஷினில் போட்டார்கள். பதினொரு மாதம் இருந்தேன், பிறகு கிளம்பிவிட்டேன். விஜயாக்கா இன்னும் அதை வைத்துத்தான் நெய்கிறார், கண்ணாடி இரண்டு தடவை மாற்றியாயிற்று என்று தினகரன் போனில் சொன்னான். பவித்ராவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். மற்ற பாடங்களில் கூட்டலுக்கு மேலேயே வாங்கியும் சென்னைக் கல்லூரிக்கு நாலு மார்க் குறைந்ததாம்.

அந்தக் கம்பெனியை விட்டு, ஊரையும் விட்டுப் போவதற்கு முந்தின நாள் காந்தி ரோடு வழியாக நடந்தேன். முகூர்த்த நாள் நெருங்கும் காலம். எல்லாக் கடை வாசலிலும் கூட்டம். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால், கல்லாவுக்குப் பக்கத்து மேசையில், பவித்ரா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். கடை கொடுத்த மெரூன் நிறச் சேலை. என்னைப் பார்த்தாள். நானும் நின்றேன். உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் பையும் பிள்ளையுமாக என்னைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் ஏறியது.

"வாங்கம்மா, வாங்க" என்றாள் பவித்ரா அவர்களைப் பார்த்து. "செருப்பை இப்படி ஓரமா வுட்டுட்டு வாங்க."